காடி வெட்டியும் வழுக்குகிறதா? கான்கிரீட் காடிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

வழுக்காமல் இருக்கக் கான்கிரீட் தரையில் காடி, அதாவது வரிவரியான ஒடுங்கிய பள்ளம், வெட்டியாயிற்று. ஆனாலும் ஈரம் பட்டால் வழுக்குகிறது. இல்லாவிட்டால் தண்ணீர் காடியிலேயே தேங்கி நிற்கிறது, ஓரங்கள் உதிர்கின்றன, மாடு நொண்டுகிறது. இப்படிப்பட்ட நிலையில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, “இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டிவிடலாமா?” என்பதுதான். பெரும்பாலும் அது தவறான மருந்து. சில தரைகளில் அது இருக்கிற நோயையும் கூட்டிவிடும்.

வேலைத்தளத்தில் குரூவ் என்று சொல்வதைத்தான் இங்கே காடி என்கிறேன். இரண்டு காடிகளுக்கு நடுவில் மிஞ்சி நிற்கும் பட்டையை மேடு என்று வைத்துக்கொள்வோம். காலும் சக்கரமும் குளம்பும் மிதிப்பது மேட்டைத்தான். பிடிப்பில் பெரும்பங்கு அந்த மேட்டின் சொரசொரப்பிலிருந்து வருகிறது. மிதிபடும் தண்ணீருக்கு ஒதுங்க இடம் தந்து, அதைத் தரையை விட்டு வெளியே கொண்டுபோவது காடியின் வேலை. மேட்டில் கோளாறா, காடியில் கோளாறா, தண்ணீர் போகும் வழியில் கோளாறா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கீழே வரும் எல்லாம் எளிது.

முதலில் ஒரு வாளித் தண்ணீர்

மெஷினை எடுப்பதற்கு முன் தரையைக் கழுவி, காயவிடுங்கள். அப்புறம் தரையின் உயரமான பக்கத்திலிருந்து தண்ணீரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே தயங்குகிறது, எந்தக் காடியின் முனையில் முட்டி நிற்கிறது என்பதைக் கவனித்து, தேங்கும் இடங்களைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். இரண்டு மீட்டர் நேர்ப்பலகையும் ரசமட்டமும் வைத்து வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) பாருங்கள். காடியின் ஆழத்தை ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, அதிகம் மிதிபடும் தடத்தில் ஒன்று என்று பத்து இடங்களிலாவது அளந்து எழுதிவையுங்கள். கடைசியாகச் சுத்தியலால் தரையை மெல்லத் தட்டிக்கொண்டே நடங்கள். பொக்கென்று சத்தம் வரும் இடம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள். விமான ஓடுபாதையில் வழக்கமான காடி 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம், நடுவுக்கு நடு 38 மி.மீ. நெடுஞ்சாலையில் வண்டி போகும் திசையிலேயே வெட்டும் காடி 3 மி.மீ. அகலம், 19 மி.மீ. இடைவெளி. மாட்டுக் கொட்டகையில் 10 முதல் 13 மி.மீ. வரை அகலமும் ஆழமும், 75 முதல் 100 மி.மீ. வரை இடைவெளியும் வைப்பது பரவலான பழக்கம். ஒன்றுக்கான அளவை இன்னொன்றுக்குத் தூக்கிப் போட்டதுதான் கோளாறு என்று சில தரைகளில் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: தண்ணீர் தேங்கவில்லை, வெறும் ஈரத்திலேயே வழுக்குகிறது

மேட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், மேடு மழுங்கியிருக்கிறது. இரும்புக் கரணையால் அழுத்தித் தேய்த்து முடித்த தரையிலும், பல வருடம் மிதிபட்ட தரையிலும் இது சகஜம். சாலைப் பொறியாளர்கள் மேற்பரப்பின் சொரசொரப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். அரை மி.மீட்டருக்கும் குறைவான நுண்சொரசொரப்பு ஒன்று. அதற்கு மேல் 50 மி.மீ. வரை போகும் பெருஞ்சொரசொரப்பு இன்னொன்று. காடி இரண்டாவது வகை. மணல்தாள்போலக் கையைப் பிடிக்கும் முதல் வகையைக் காடி எவ்வளவு வெட்டினாலும் உண்டாக்காது. அதனால்தான் மழுங்கிய தரையில் காடியை ஆழமாக்கினாலும் வழுக்கல் அப்படியே இருக்கிறது.

செய்ய வேண்டியது மேட்டின் தலையைச் சொரசொரப்பாக்குவது. எஃகு மணிகளை வேகமாக அடித்து மேல்தோலைப் பெயர்க்கும் ஷாட் பிளாஸ்டிங், அல்லது வைரப் பிளேடுகளை நெருக்கமாக அடுக்கி மெல்லிசாகச் சீவும் கிரைண்டிங் நல்ல பலன் தரும். ஆசிட் ஊற்றி அரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மேல்தோலை வலுவிழக்கச் செய்கிறது, சீராகவும் அரிப்பதில்லை. மிச்ச ஆசிட்டை முறிக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் கம்பிக்கும் கேடு.

தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது, ஆனாலும் வழுக்குகிறது என்றால் மேலே ஏதோ படிந்திருக்கிறது. ஒரு துளித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நின்றால் எண்ணெய்ப் படலம், அல்லது யாரோ அடித்த சீலர் (மேற்பரப்பை மூடும் பூச்சு) அல்லது கியூரிங் பூச்சு (புதுக் கான்கிரீட்டின் ஈரம் போகாமல் காக்க அடிப்பது). நிழல் விழும் மூலையில் மட்டும் வழுக்கினால் பாசி. இவை கழுவித் தீர்க்கவேண்டிய விஷயங்கள், வெட்டித் தீராது. சீலரை மட்டும் கழுவிப் போக்க முடியாது. சுரண்டியோ ஷாட் பிளாஸ்டிங் செய்தோ எடுக்கவேண்டும்.

அறிகுறி: ஒரு பக்கமாக நடந்தால் வழுக்குகிறது, மறுபக்கமாக நடந்தால் பிடிக்கிறது

காடி எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் கால் சறுக்கினால் அதைத் தடுக்கக் குறுக்கே எதுவும் இல்லை. காடிக்குக் குறுக்காகச் சறுக்கினால் விளிம்பு பிடித்துக்கொள்கிறது. நேராக மட்டும் போகும் நடைவழியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பும் இடங்களிலும், எல்லாத் திசையிலும் நடமாட்டம் உள்ள இடங்களிலும் இருக்கிற காடிக்குக் குறுக்கே இன்னொரு வரிசை சாய்வாக வெட்டி வைர வடிவக் கட்டமாக்குவதுதான் வழி. கட்டத்தின் கூர்முனைகள் சீக்கிரம் உடையும் என்பதால் குறுக்கு வரிசையை நெருக்கமாக வைக்காதீர்கள்.

அறிகுறி: வண்டி வேகமாகப் போகும்போது மட்டும் நழுவுகிறது

மெதுவாகப் போகும்போது டயருக்குத் தண்ணீரை விலக்க நேரம் கிடைக்கிறது. வேகம் கூடினால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்புபோலப் புகுந்து அதைத் தூக்கிவிடுகிறது. நாசாவின் லாங்லி ஆய்வு மையம் 1960-களில் இதை ஆராய்ந்து ஒரு எளிய கணக்குக் கொடுத்தது. டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் என்று வரும். 32 பி.எஸ்.ஐ. டயருக்குக் கிட்டத்தட்ட 58 மைல், அதாவது 94 கி.மீ. தேங்கிய தண்ணீர் போதுமான ஆழம் இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஆழத்தைக் குறைப்பது காடியின் வேலை என்பதால், இந்த அறிகுறி வந்தால் நேரே அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: காடியில் தண்ணீர் நிற்கிறது

எல்லாக் கோளாறிலும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடுபாதை அளவில், 38 மி.மீட்டருக்கு ஒன்று வீதம், ஒரு மீட்டர் அகலத்தில் சுமார் 26 காடிகள் வரும். 6-க்கு 6 மி.மீ. குறுக்குவெட்டு என்றால், ஒரு சதுர மீட்டரில் உள்ள எல்லாக் காடிகளும் சேர்ந்து கொள்ளும் தண்ணீர் ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது 1 மி.மீ. மழை பெய்தாலே காடிகள் நிறைந்துவிடும். ஆக, காடி தொட்டி இல்லை, வாய்க்கால். வாய்க்காலுக்கு வாட்டமும் வேண்டும், கடைமடையும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், ஆழத்தை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது இன்னொரு மி.மீ. மழைக்கான இடம் மட்டுமே.

இனி, தண்ணீர் நிற்கும் விதத்தை வைத்துக் காரணத்தைப் பிரிக்கலாம்.

தரை முழுவதும் ஒரே மாதிரி நிற்கிறதா? வாட்டமே இல்லை. காடி ஓடும் திசையில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். மீட்டருக்கு 10 மி.மீட்டராவது இறங்கவேண்டும், 15 முதல் 20 மி.மீ. இருந்தால் நல்லது. தரைக்கு வேறு திசையில் வாட்டம் இருந்து, காடியை அதற்குக் குறுக்கே வெட்டியிருந்தால், காடி தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வரப்பாகிவிடுகிறது. அப்போது இருக்கிற காடிகளை இணைத்துக்கொண்டு வாட்டத்தின் திசையில் சில வடிகால் காடிகள் வெட்டினால் போதும். மற்றக் காடிகளைவிட இரண்டு மூன்று மி.மீ. ஆழமாக, இரண்டு மீட்டருக்கு ஒன்று வெட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

சாய்தளத்தில் இந்தச் சிக்கல் வேறு முகத்தோடு வரும். ஏறி இறங்கும்போது கால் பிடிக்க, சரிவுக்குக் குறுக்கே காடி வேண்டும். ஆனால் குறுக்குக் காடி மட்டமாக இருப்பதால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். நேர் குறுக்காக வெட்டாமல் மீன்முள் வடிவத்தில் வெட்டுவது இதற்கான பழைய, நல்ல தீர்வு. முள்ளின் கூர்முனை ஏற்றப் பக்கம் பார்க்கவேண்டும். அப்போது இரண்டு கைகளும் நடுவிலிருந்து ஓரத்துக்கு இறங்கி, தண்ணீரை இரு பக்க வடிகால்களில் சேர்க்கும். இதைத் தலைகீழாக வெட்டிவிட்ட சாய்தளத்தைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் முழுவதும் நடுவில் கூடி, ஆட்கள் நடக்கும் தடத்திலேயே ஓடைபோல இறங்கியது. அதைச் சரிசெய்ய ஒவ்வொரு காடியையும் அடைத்துவிட்டுப் புதிதாக வெட்டவேண்டியிருந்தது. ஆகவே, வெட்டுவதற்கு முன் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

அங்கங்கே குட்டைபோல நிற்கிறதா? தரையில் பள்ளம். காடி வெட்டும் மெஷின் தரையின் மேலே சக்கரத்தில் ஓடுகிறது. தரை இறங்கினால் அதுவும் இறங்கும். அதனால் காடியின் அடிமட்டம் தரையின் மேடுபள்ளத்தை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளும். 10 மி.மீ. பள்ளத்தின் வழியே 6 மி.மீ. காடி போனால், காடியும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயேதான் கிடக்கும். பள்ளத்தை ஒட்டிய உயரமான பகுதியைக் கிரைண்டரால் இறக்கலாம். அல்லது பள்ளத்திலிருந்து வடிகால் வரை ஆழம் படிப்படியாகக் கூடும் ஒரே ஒரு காடியைக் கையால் ஓட்டும் மெஷினில் வெட்டலாம். சிமெண்ட் கலவையை மெல்லிசாகப் போட்டுப் பள்ளத்தை நிரப்புவது நிலைக்காது.

காடியின் முனையில் மட்டும் நிற்கிறதா? வெளியேற வழி இல்லை. சுவரை ஒட்டி மெஷின் போக முடியாமல் நிறுத்திய இடம், வடிகாலுக்குக் கையளவு முன்னால் நின்றுபோன வெட்டு, இடையில் குறுக்கிடும் மேன்ஹோல் சட்டம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். விட்டுப்போன துண்டை ஆங்கிள் கிரைண்டரால் வெட்டி வடிகாலோடு இணைத்தால் முடிந்தது.

அறிகுறி: காடி அடைத்துக்கொள்கிறது

மண், சாணம், டயர் ரப்பர், பழைய பெயின்ட் என்று எதுவும் அடைக்கலாம். அடைப்பைக் கண்டபடி உளியால் குத்தி எடுக்காதீர்கள், விளிம்பு போய்விடும். அழுத்தத் தண்ணீரைக் காடி ஓடும் திசையிலேயே பாய்ச்சுங்கள். அடிக்கடி அடைத்தால் அகலம் போதவில்லை என்று பொருள். 3 மி.மீ. காடி மணல் பறக்கும் முற்றத்துக்கு ஒத்துவராது. மாட்டுக் கொட்டகையில் சாணம் வழிக்கும் பலகை எந்தத் திசையில் இழுக்கப்படுகிறதோ அந்தத் திசையில் காடி ஓடினால் ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் சுத்தமாகும். குறுக்கே இருந்தால் ஒவ்வொரு இழுப்பும் சாணத்தை உள்ளே அமுக்கும்.

எப்போது ‘தேய்ந்துவிட்டது, திரும்ப வெட்டு’ என்று முடிவெடுப்பது? ஓடுபாதைகளுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1,500 அடி நீளத்துக்கு நூற்றுக்கு 40 காடிகளின் ஆழமோ அகலமோ 3 மி.மீ. அல்லது அதற்கும் கீழே போய்விட்டால், காடியின் பலன் பெரிதும் குறைந்துவிட்டதாகக் கொள்ளவேண்டும். மற்றத் தரைகளுக்கும் ‘பாதி ஆழம் போனால் நடவடிக்கை’ என்பது நியாயமான அளவுகோல் என்றே நினைக்கிறேன். முதலில் எழுதிவைக்கச் சொன்ன பத்து அளவுகள் இங்கே உதவும்.

அறிகுறி: காடியின் ஓரம் பொரிந்து உதிர்கிறது

வெட்டும்போதே உதிர்ந்ததா, வெட்டிச் சில மாதம் கழித்து உதிர்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

வெட்டும்போதே உதிர்ந்தால் பெரும்பாலும் கான்கிரீட் இன்னும் பச்சை, அதாவது முழுதாக இறுகவில்லை. விரிசலைக் கட்டுப்படுத்தும் ஜாயிண்ட்டை வார்த்த நாளிலேயேகூட வெட்டுவார்கள். அதைப் பார்த்துக் காடியையும் வெட்டிவிடலாம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். ஜாயிண்ட் என்பது தன்னந்தனியான ஒரு கோடு. காடி நெருக்கமான வரிசை. நடுவில் நிற்கும் மேடு ஒல்லியானது, ஜல்லியை இறுக்கிப் பிடிக்கும் வலு கலவைக்கு இன்னும் வந்திருக்காது. 28 நாள் பொறுத்து வெட்டுவது பாதுகாப்பு. பொறுத்தும் உதிர்ந்தால், மேல்தோலை ஒரு ஆணியால் கீறிப் பாருங்கள். ஆழமாகக் கீறல் விழுந்து பொடி வந்தால், வார்க்கும்போது தண்ணீர் அதிகமாகிவிட்டது அல்லது கியூரிங் போதவில்லை. இந்தத் தரையில் நெருக்கமான காடி நிற்காது. இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது பலவீனமான தோலைச் சீவி எடுத்துவிட்டு அடியில் உள்ள உறுதியான பகுதியில் வெட்டுங்கள்.

கான்கிரீட் நன்றாக இருந்தும் ஓரம் உடைந்தால் பழி மெஷின்மேல். பிளேடு ஆடுகிறது, அல்லது தள்ளும் வேகம் அதிகம், அல்லது வெட்டியதே அடித்துக் கொத்தும் உருளையால். கொத்தும் உருளை ஜல்லியைப் பெயர்த்து எடுக்கும். அதன் ஓரம் ஒருபோதும் நேராக வராது. நேர்த்தியான விளிம்பு வேண்டுமென்றால் வைரப் பிளேடுதான்.

பிற்பாடு உதிர்ந்தால் மேட்டின் அகலத்தைப் பாருங்கள். இரும்புச் சக்கர வண்டி ஓடும் தரையில் ஒல்லியான மேடு தாங்காது. பனி உறையும் குளிரில் தேங்கிய தண்ணீர் உறைந்து விரிந்து ஓரத்தைப் பெயர்க்கும். அங்கே வடிகாலைச் சரிசெய்யாமல் ஓரத்தை மட்டும் பூசிப் பயனில்லை. தட்டியபோது பொக்கென்று ஒலித்த இடத்தில்தான் உதிர்கிறது என்றால், மேல்பூச்சு அடித்தளத்தை விட்டுக் கழன்றிருக்கிறது. அந்தத் துண்டைப் பெயர்த்துத் திரும்பப் போடவேண்டும்.

ஜாயிண்ட் பக்கத்தில் மட்டும் உடைகிறதா? ஜாயிண்ட்டுக்கு இணையாகப் போகும் காடி அதிலிருந்து 75 மி.மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். அதைவிட நெருங்கினால் நடுவில் மிஞ்சும் கீற்று முதல் பாரத்திலேயே முறியும்.

அறிகுறி: பிளேடு வெட்ட மறுக்கிறது, கோணலாகப் போகிறது, சூடாகிறது

மெஷின் ஓடுகிறது, சத்தம் வருகிறது, பிளேடு இறங்கவில்லை. பிளேடின் பல்லைத் தொட்டுப் பாருங்கள் (மெஷினை நிறுத்தி, மின் இணைப்பையோ ஸ்பார்க் பிளக்கையோ கழற்றிய பிறகு). வழவழப்பாக இருந்தால் வைரத் துகள்கள் மழுங்கி, அவற்றைப் பிடித்திருக்கும் உலோகம் பளபளத்துவிட்டது. கெட்டியான கான்கிரீட்டுக்கு மென்மையான பிணைப்புள்ள பிளேடும், மணல் போன்று அரிக்கும் மென்மையான கான்கிரீட்டுக்குக் கெட்டியான பிணைப்புள்ள பிளேடும் வேண்டும். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஆனால் பிணைப்பு தேய்ந்தால்தான் புதிய வைரம் வெளியே வரும் என்று யோசித்தால் விளங்கும். தற்காலிகமாக, அரிக்கும் தன்மையுள்ள மணற்சுண்ணாம்புச் செங்கல்லில் நாலைந்து முறை வெட்டினால் பல் மறுபடி கூராகும்.

இதற்கு நேர்மாறாகப் பிளேடு ஒரே நாளில் கரைந்துவிட்டால், பிணைப்பு தேவைக்கு அதிகமாக மென்மை. பல்லுக்குக் கீழே எஃகுத் தட்டு அரித்து மெலிந்திருந்தால், வெட்டும் குழம்பைக் கழுவித் தள்ளும் அளவுக்குத் தண்ணீர் போகவில்லை. அந்தப் பிளேடில் பல் பறக்கும் அபாயம் இருக்கிறது, உடனே மாற்றுங்கள். தட்டு நீலம் பாரித்திருந்தாலும் அப்படியே; சூட்டில் எஃகின் இறுக்கம் போய்விட்டது. பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்சச் சுழற்சி வேகத்தை மெஷின் ஒருபோதும் தாண்டக்கூடாது.

கோடு கோணலாகிறதா? நூல் பிடித்துச் சாக்பீஸ் கோடு போடாமல் கண்ணை நம்பி ஓட்டியிருந்தால் வேறு காரணம் தேடவேண்டாம். கோடு போட்டும் கோணல் என்றால் அச்சின் பேரிங்கை ஆட்டிப் பாருங்கள். அதிலும் தப்பில்லை என்றால் தள்ளும் அவசரத்தைக் குறையுங்கள்.

அறிகுறி: ஆழம் ஒரே மாதிரி இல்லை

பக்கத்துப் பக்கத்துக் காடிகளில் ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம் என்றால், ஒரே அச்சில் புதிய பிளேடையும் தேய்ந்த பிளேடையும் கலந்து மாட்டியிருக்கிறார்கள். விட்டத்தில் 3 மி.மீ. தேய்ந்த பிளேடு 1.5 மி.மீ. குறைவாக வெட்டும். 6 மி.மீ. காடியில் அது கால் பங்கு. ஒரு அச்சுக்கு ஒரே விட்டம் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரே காடியே போகப்போக ஆழம் மாறினால் தரையின் சின்னச் சின்ன மேடுபள்ளத்தை அகலமான மெஷின் பின்தொடர முடியவில்லை. சிறிய மெஷினில் குறைந்த அகலத்தில் வெட்டுவதுதான் இதற்கு வழி.

அறிகுறி: காடியின் அடியில் விரிசல், அல்லது துருக்கறை

துருக்கறை தெரிந்தால் காடி கம்பியை நெருங்கிவிட்டது. 20 மி.மீ. கவர் (கம்பிக்கு மேலே உள்ள கான்கிரீட்டின் கனம்) உள்ள தளத்தில் 13 மி.மீ. காடி வெட்டினால் கம்பிக்கு மேலே மிஞ்சுவது 7 மி.மீ. அதுவும் எப்போதும் ஈரம் தேங்கும் இடத்தில். துருவைச் சுத்தமாக நீக்கி, கம்பிக்குத் துருத் தடுப்புப் பூசி, எபாக்சிக் கலவையால் அந்தக் காடியை மூடவேண்டும். வெட்டுவதற்கு முன்பே, கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டரால் தேடியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. இழுவிசைக் கம்பி போட்ட தளம், மின்குழாய் அல்லது சூட்டுக்குழாய் ஓடும் தரை என்றால் ஸ்கேன் செய்யாமல் பிளேடை இறக்கவே கூடாது. அப்படி இழுத்து இறுக்கிய கம்பி அறுந்தால் அங்கே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

விரிசல் காடியின் வழியே நேராக ஓடினால் தளத்தின் கனத்தைப் பாருங்கள். சுருங்கும் கான்கிரீட் எங்கே விரியவேண்டும் என்று காட்டுவதற்காக வெட்டும் ஜாயிண்ட்டின் ஆழம், வழக்கமாகத் தளக் கனத்தில் கால் பங்கு. 100 மி.மீ. தளத்தில் 6 மி.மீ. காடி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் 40 மி.மீ. மேல்பூச்சில் 10 மி.மீ. காடி வெட்டினால் அது சரியாகக் கால் பங்கு. நாமே ஜாயிண்ட் வெட்டிக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. மெல்லிய பூச்சுக்குக் காடியைவிட மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதே ஏற்றது.

அறிகுறி: வெட்டிய தரையில் வெள்ளைப் படலம்

வெட்டும்போது வந்த குழம்பைக் காயவிட்டுவிட்டார்கள். அது சிமெண்ட்தான், காய்ந்தால் காடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். மேட்டின் சொரசொரப்பையும் பூசி மூடிவிடும். ஈரமாக இருக்கும்போதே வாக்குவமால் உறிஞ்சி எடுக்கவேண்டும். கடுமையான காரத்தன்மை உள்ள குழம்பு அது, தோலைப் புண்ணாக்கும். வடிகாலிலோ குளத்திலோ விடக்கூடாது.

தண்ணீர் வேண்டாம் என்று உலர்வாக வெட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. அமெரிக்கா 2016-இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத அளவு அது. அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்தால் குணமாகாது. ஒரு மூலையை மட்டும் உலர்வாக வெட்டியே தீரவேண்டும் என்றால், தூசி உறிஞ்சும் கருவி பிளேடோடு இணைந்திருக்கவேண்டும், முகத்துக்குச் சரியாகப் பொருந்திய மாஸ்க்கும் வேண்டும். மூக்கைச் சுற்றிக் கட்டிய துணி இதற்குப் போதாது.

அறிகுறி: பிடிப்பு அதிகமாகிவிட்டது

மாடு புதுக் காடியில் நடக்கத் தயங்குகிறது, சில நாளில் நொண்டுகிறது. புதிதாக வெட்டிய விளிம்பு கத்திபோல இருக்கும், குளம்பின் அடியைத் தேய்த்துவிடும். மாட்டை விடுவதற்கு முன் கனமான கான்கிரீட் கட்டையைத் தரையின்மேல் பலமுறை இழுத்து விளிம்பின் கூரை மழுக்குங்கள், பிறகு நன்றாகக் கழுவுங்கள். காடியின் அகலத்தையும் அளந்து பாருங்கள். 20 மி.மீட்டரைத் தாண்டினால் குளம்பின் அடிக்குத் தாங்கல் குறைகிறது. மாறாக இடைவெளி குளம்பின் அகலத்தைவிட அதிகமானால், காலை வைக்கும் இடத்தில் ஒரு காடியும் இல்லாமல் போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சரியான அளவு இருக்கிறது.

டயருக்கும் இதே கதைதான். கென்னடி விண்வெளி மையத்தில் விண்ணோடங்கள் இறங்கிய ஓடுபாதையில் குறுக்குக் காடி வெட்டியிருந்தார்கள். மழைக்கு நல்ல பிடிப்பு. ஆனால் தரையைத் தொடும் நொடியில் டயர் அளவுக்கு மீறித் தேய்ந்தது. 1980-களில் இரு முனைகளிலும் 3,500 அடி நீளத்துக்கு அந்தக் காடிகளைச் சீவி எடுத்தார்கள்.

சாலையில் ஒரே சுருதியில் ஊளைச் சத்தம் கேட்டால், குறுக்குக் காடிகள் சரிசமமான இடைவெளியில் இருக்கின்றன. இடைவெளியை ஒழுங்கில்லாமல் மாற்றி வெட்டியிருந்தால் சத்தம் ஒரே சுருதியில் குவியாது. ஏற்கெனவே வெட்டிய சாலைக்கு, மேலே சீவிவிட்டு வண்டி போகும் திசையில் வெட்டுவது மாற்று. நீளவாட்டுக் காடியில் மோட்டார் சைக்கிள் லேசாக அலைவதுபோல் இருப்பது உண்டு, 3 மி.மீ. அகலத்தை மீறாமல் வைத்தால் அது குறையும்.

சின்னச் சக்கரத் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியின் முன்சக்கரமும் காடியில் சிக்கினால், அகலத்தைக் குறைக்கவேண்டும். எபாக்சிக் கலவையால் அகலக் காடிகளை நிரப்பி, அது இறுகிய பிறகு, போக்குவரத்துக்குக் குறுக்காக 6 மி.மீட்டரில் திரும்ப வெட்டுங்கள். வெட்டி முடித்ததும் அதே நாற்காலியை, அதில் வழக்கமாக உட்காருபவரை உட்காரவைத்தே, ஈரத்தரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மெஷினை வண்டியில் ஏற்றுங்கள்.